காப்புக்கட்டுக்குப் பறிகொடுத்த பூங்கா

நாட்டுச் செடிகளை வைத்துப் பூங்கா போடப்போகிறோம், முன்மாதிரியாக எந்த ஊரைப் போய்ப் பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போய்ப் பார்க்கும்படி ஓர் இடமும் எனக்குத் தெரியாது. பார்த்து வயிறெரிந்த இடம் ஒன்று தெரியும். எண்பதுகளின் பிற்பாதியில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம், பொங்கலுக்கு முதல்நாள் நான் அங்கே போனேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பெயரைச் சொல்ல மாட்டேன். அத்தை வீட்டு உறவு இன்னும் அங்கே இருக்கிறது, கல்யாணம் காட்சி என்று போய்வர வேண்டியிருக்கிறது.

என் அண்ணனோடு கல்லூரியில் படித்த சேவியர் அந்த ஊர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தார். அவரையும் நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேரூராட்சிப் பூங்கா என்று இரண்டு ஏக்கர் கிடந்தது. பெயர்தான் பூங்கா, உள்ளே சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் தவிர மருந்துக்குக்கூட வேறு செடி கிடையாது. அண்ணன் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருஷம் அந்த முள்ளோடு மல்லுக்கு நின்றார். வேரைக் கிளறி எடுத்தார்கள். சுற்றியிருந்த கரட்டுக் குன்றுகளில் விதை பொறுக்கி வந்து ஆவாரை, பூளை, விராலி, காரை, வெப்பாலை என்று வளர்த்தார்கள். பள்ளிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வந்தது, தேன்சிட்டு வந்தது, கடைசியில் கவுதாரியும் வந்து தங்கிவிட்டது.

அண்ணன் என்னைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பொங்கல் கழிந்ததும் பேரூராட்சி நிர்வாக அதிகாரி பூங்காவைப் பார்க்க வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் இடம் பள்ளியின் பொறுப்பிலேயே இருக்கும். இல்லையென்றால் அலங்காரச் செடியும் சிமெண்ட் பொம்மையும் வைக்கிற காண்ட்ராக்டர் கைக்குப் போய்விடும். எதற்கும் நீ ஒரு தடவை வந்து கண்ணால் பார்த்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சேலத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். தர்மபுரிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் ஏழு ரூபாய்க்குள், பயணம் இரண்டு மணி நேரம். தொப்பூர் ஏற்றத்தில் ஒரு கரும்பு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டதால் எனக்கு இரண்டரை ஆனது. வழியெல்லாம் காய்ந்த மானாவாரிக் காடு; பச்சை என்று இருந்தது சீமைக்கருவேலம் மட்டும்தான். அதியமான்கோட்டையில் ஓட்டுநர் டீக்கடை முன்னால் நிறுத்தினார். இன்னும் கொஞ்ச தூரத்தில் தர்மபுரி வந்துவிடுமே, அங்கே குடிக்கக் கூடாதா என்று கேட்டேன். "அங்க டீ நல்லா இருக்காதுங்க" என்று சொல்லி நிதானமாக இறங்கிப் போனார். அவர் சொன்னது உண்மைதான், தர்மபுரி டீயைக் குடித்துப் பார்த்தேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா சாக்கு விரித்துக் காப்புக்கொத்து விற்றுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சேலம், தர்மபுரி, கொங்குப் பக்கமெல்லாம் பொங்கலுக்கு முதல்நாள் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவார்கள். காப்புக் கட்டுவது என்று பெயர். இதைக் காசு கொடுத்து யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை, போகிற வழியில் ஒடித்துக்கொள்வதுதான் வழக்கம்.

"ஏம்மா, ஆவாரங்கொத்துக்கெல்லாமா காசு?" என்று கேட்டேன்.

"மழையே இல்லீங்களே! வத்தல்மல அடிவாரம் வரைக்கும் நடந்தனுங்க. இந்த ஒரு கட்டுத்தான் சிக்குச்சு. வேணும்னா எடுங்க, இல்லீன்னா வுடுங்க" என்றார்.

அங்கிருந்து அண்ணனின் ஊருக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரின் மடியில் ஒரு வெற்றுச் சாக்கு இருந்தது, அதில் மஞ்சள் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தர்மபுரியில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் காப்புக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்னார். இந்தப் பஞ்சத்தில் உங்களுக்கு மட்டும் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"எங்க ஊரு பார்க்குலதாங்க. அள்ள அள்ள இருந்துது. விடியறதுக்குள்ளயே போயிட்டேன். இப்பப் போனீங்கன்னா காம்புகூட மிஞ்சாது."

"அதைப் பறிக்கலாம் என்று யார் சொன்னது?"

"வாத்தியாரு போர்டுலயே எழுதிப் போட்டிருக்காருங்க, எது எதுக்கு ஆவும்னு. ரொம்ப நல்ல மனுசன்" என்றார்.

மீதி வழி முழுவதும் பஸ்ஸை வைதுகொண்டே போனேன்.

பூங்கா வாசலில் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பொறுப்பாகத்தான் சாய்த்திருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே ஒரே திருவிழாக் கூட்டம். ஆவாரையில் இலைகூட இல்லை, முட்டிக்குக் கீழே குச்சி குச்சியாக நின்றது. பூளையை ஒடிப்பது கஷ்டம் என்று வேரோடு பிடுங்கியிருந்தார்கள். மற்ற செடிகளெல்லாம் காலில் மிதிபட்டுத் தரையோடு கிடந்தன. ஒவ்வொரு பாத்தியிலும் அண்ணன் பலகை நட்டு, செடியின் பெயரையும் பயனையும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். 'ஆவாரை: பூ சர்க்கரை நோய்க்கு நல்லது. பொங்கல் காப்புக்குச் சிறந்தது.' பெயர் தெரிந்தால்தான் ஊருக்குச் செடியின் மேல் பாசம் வரும் என்பது அவருடைய எண்ணம். பாசம் வந்திருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கொத்தும் கையுமாக நின்ற ஒரு பெண்ணைப் பிடித்து, "பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்து வளர்த்ததை இப்படிப் பண்ணுகிறீர்களே, நியாயமா?" என்று கத்தினேன்.

"என் பையனுந்தாங்க தண்ணி சொமந்தான்" என்றார் அந்தப் பெண். "அவன்தான் காட்டுனான். சாமிக்குத்தானே எடுக்கறோம், விக்கறதுக்கா?"



சேவியர் அண்ணன் பதினொரு மணி வாக்கில் வந்தார். லீவுக்குக் கடத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்தவர், விஷயம் காதில் விழுந்து ஓடி வந்திருந்தார். நேரே கவுதாரி அடையும் காரைப் புதர்ப் பக்கம் போனார். புதர் கலைந்து கிடந்தது, கவுதாரி இல்லை. ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கும்பிட்டார்கள். "வாத்தியாரே, உங்களாலதான் இந்த வருசம் எங்க வூட்ல காப்பு. புண்ணியமாப் போவும்" என்று ஒருவர் அவர் கையிலேயே ஒரு கொத்தைத் திணித்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று நின்றார். ஒருவரையாவது ஓங்கித் திட்டமாட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கூட்டம் போன பிறகு மெதுவாகச் சொன்னார். "நாங்க வேதக்காரங்க இல்லியா, எங்க வூட்ல காப்புக் கட்டறதில்லம்மா. எனக்கு அது ஒரு தகவல். போர்டுல எழுதுனேன், அதோட மறந்துட்டேன். இன்னிக்குக் காப்புன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

அந்த ஊரில் வேறு எவர் அந்தப் பலகையை எழுதியிருந்தாலும், முதல்நாள் ராத்திரியே பூங்கா வாசலில் காவலுக்குப் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அதிகாரி வந்துபோகும்வரை அத்தை வீட்டில்தான் தங்கினேன். அங்கேயும் நிலைப்படிக்கு மேல் பூங்காவின் கொத்துதான் செருகியிருந்தது. மறுநாள் பொங்கல் பானை வைக்கும் நேரத்தில், காய்ந்த ஆவாரை இலையிலிருந்து பச்சைப் புழு ஒன்று இறங்கிக் கதவில் ஊர்ந்தது. வண்ணத்துப்பூச்சி ஆகவேண்டிய புழு. "ஐயே, நல்ல நாளும் அதுவுமா" என்று அத்தை விளக்குமாற்றால் தட்டிவிட்டார். தெருவில் நடந்தபோது பார்த்தேன், பல வீட்டு வாசலிலும் இதே கதைதான்.

பண்டிகை முடிந்து அதிகாரி வந்தார், கூடவே காண்ட்ராக்டரும். அண்ணன் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றார். இந்த வருஷம் இப்படி ஆகிவிட்டது, இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்க இருந்தார். அதற்கு வேலையே வரவில்லை. உள்ளே நுழைந்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லியே சார்! பூரா பொதரா கெடக்குதுன்னுல்ல எங்கிட்டச் சொன்னாங்க? சுத்தமா வெச்சிருக்கீங்க. இப்பத்தான் பார்க்கு மாதிரி இருக்குது."

காண்ட்ராக்டர் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்தார். யாருக்கு என்று கொண்டுவந்தாரோ, அண்ணனின் தோளில் போர்த்திவிட்டார்கள். அந்தக் குச்சிகளுக்கு நடுவில் சிமெண்ட் மான் எங்கே நிற்கும், குரோட்டன்ஸ் எங்கே வரும் என்று அதிகாரி கையைக் காட்டிக்கொண்டே போனார். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

"சார், இதெல்லாம் செத்துப்போகலீங்க. வேரு உசுரோட இருக்குது. ஒரு மழை பேஞ்சாப் போதும், பழையபடி தழைச்சிரும்" என்றார்.

அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அதப் பத்திக் கவலப்படாதீங்க சார். தழைச்சா ஆள் வுட்டு வெட்டிரலாம்."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இப்போது அங்கே போக நினைப்பவர்களுக்கு: சேலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் தர்மபுரி வந்துவிடுகிறது, சாலை அருமை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கழிப்பறை இல்லை. மானுக்கு ஒரு கொம்பு போய்விட்டது. வண்ணத்துப்பூச்சி பார்க்க வேண்டுமென்றால் வத்தல்மலைக்குப் போங்கள், பூங்காவில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் ஊரிலேயே இப்படி ஓர் இடம் உருவாக்கப் போகிறவர்களுக்கு அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிடும்போது சொன்னதைச் சொல்கிறேன். "பாதிய ஊருக்குன்னே நட்டிருக்கணும்மா. முழுசும் பூச்சிக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார். நல்ல யோசனை, எடுத்துக்கொள்ளுங்கள். என் பங்குக்கு இன்னொன்று: முதல் குழி தோண்டுவதற்கு முன்னால், இடம் யார் கையில் இருக்கிறதோ அவரைக் கூட்டிப்போய்ப் பூ இல்லாத கோடையில் ஒரு ஆவாரம்புதரைக் காட்டி, இது உங்கள் கண்ணுக்குச் செடியா குப்பையா என்று கேட்டுவிடுங்கள். மூன்று வருஷத்தில் அண்ணன் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊர் ஜனம் ஒடித்ததெல்லாம் சித்திரை மழைக்குத் தழைத்தது. சொன்னபடியே ஆள் வந்து வெட்டினார்கள்.