சாவியை எடுத்த பிறகும்

சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார் உஸ்தாத் ரிஃபாத். வண்டி அதை லட்சியம் செய்யவில்லை. டுக், டுக், டகர டுக் என்று உடம்பெல்லாம் உதற ஓடிக்கொண்டே இருந்தது. அவரும் இறங்கவில்லை. டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "போதும் கண்ணு. வீடு வந்துடுச்சு. போதும்மா," என்று கொஞ்சினார். அது இன்னும் கொஞ்சம் இருமி, பின்பக்கமாக ஒரு வெடியும் போட்டுவிட்டு அடங்கியது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எங்கள் ஷுப்ரா தெருவில் அந்தப் பட்டியலில் ரிஃபாத்தின் வண்டியையும் சேர்த்திருக்கிறோம்.

ஓர் அரசு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குறையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டாலே பாதி தீர்ந்துவிடும், மீதிப் பாதி தானாகவே அலுத்துப்போய்விடும் என்பது அங்கே அவர் கற்ற வித்தை. அதே வித்தையைத்தான் வண்டியிடமும் காட்டுகிறார். வண்டி வெளிர்மஞ்சள் நிறம், சோப்புக்கட்டி வடிவம், இத்தாலியப் பிறப்பு, அவருடைய கல்யாணத்துக்கும் மூத்தது. கழுவுவதென்றால் பானெட்டை மட்டும் கழுவுவார். மற்ற பாகங்களை மழை பார்த்துக்கொள்ளுமாம். கெய்ரோவில் மழை எத்தனை தடவை பெய்யும் என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்கவில்லை.

சாவியை எடுத்த பிறகும் வண்டி ஓடும் அந்த நேரத்தில், எதிரே ஹாஜி ஷஹாத்தாவின் காப்பிக்கடையில் டாமினோ ஆட்டம் நின்றுவிடும். நாற்காலிகள் தெருப்பக்கம் திரும்பும். வைத்தியம் ஆரம்பமாகும்.

"எண்பதாம் நம்பர் மட்டப் பெட்ரோலை ஊத்தினா இப்படித்தான் உதறும். ஒரு தடவை தொண்ணூத்தஞ்சு போட்டுப் பாரு," என்பார் ஹாஜி.

"எண்பதைக் குடிச்சு வளர்ந்த உடம்பு ஹாஜி. தொண்ணூத்தஞ்சு போட்டா வயித்தால போயிடும்!" என்பார் ரிஃபாத்.

முடிதிருத்தும் ஸக்கி ஹூக்காவின் தலையில் கனியும் கரியைக் காட்டுவான். "உள்ள கரி கட்டியிருக்கு உஸ்தாத். நீங்க சாவியை எடுத்தாலும் அந்தத் தணல் அணையுமா? மிச்சம் வர்ற பெட்ரோலை அதுவே பத்த வைக்குது. தலையைக் கழட்டிச் சுரண்டணும்."

"யார் தலையை?" என்று யாராவது கேட்பார்கள். கடை சிரிக்கும். ரிஃபாத்தும் சிரிப்பார். ஸக்கி சொன்னதில் நிறையவே உண்மை உண்டு. ரிஃபாத் எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லோருடைய காப்பியையும் குடித்து, எவர் யோசனையையும் கேட்காமல் மாடியேறுவார். அலுவலகத்தில் இருந்த காலத்தில்கூட அவரைச் சுற்றி இவ்வளவு கூட்டம் கூடியிருக்காது.

மெக்கானிக் குத்ப் மட்டும்தான் இந்த வண்டியைப் பார்த்தால் சிரிக்க மாட்டான். பிளக்கை மாற்றினான். டைமிங் வைத்தான். ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் ஓடும் வேகம், அதிகமாக இருக்கிறது, அதனால்தான் நிற்க மறுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தத் திருகாணியைத் தளர்த்தினான். மேலும் தளர்த்தினான். ஆணி கையோடு வந்துவிடும் போலிருந்தது. வேகம் இம்மிகூட இறங்கவில்லை. கார்புரேட்டரின் நெம்புகோலில், கண்ணேறு படாமலிருக்கக் கட்டும் ஒரு நீலக் கண்ணாடி மணி, தடித்த செப்புக் கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. குத்ப் அதன் மேல் விரல்கூடப் படாமல் பயபக்தியோடு வேலை செய்தான். அடுத்தவன் கட்டிய காப்பை யார் தொடுவார்கள்? அவனுக்கு முன் பார்த்த மெக்கானிக் அந்த மணியைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டே போனான்.

மணி வந்த கதையை ரிஃபாத்தே சொல்வார். மேல்மாடிக்காரர் ஒருநாள், "உங்க இன்ஜின் புல்புல் மாதிரி பாடுதே!" என்று சொல்லிவிட்டாராம். கண் படாமலிருக்கக் கூடவே சொல்ல வேண்டிய மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லையாம். பதறிப்போன ரிஃபாத், மகள் ரிஹாமின் பழைய தொட்டிலில் தொங்கிய மணியை எடுத்து இன்ஜினில் கட்டினார். மறுநாள் காலையிலிருந்துதான் இந்த உதறல். "பாத்தியா தம்பி? மணி கட்டியிருக்கும்போதே இந்த அடி. கட்டாம விட்டிருந்தா இன்ஜினே ரெண்டா பொளந்திருக்கும்." கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்புகிறவரிடம் தர்க்கம் எடுபடாது.

இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கும், ரிஹாமுக்கு வரன் வராமல் இருந்திருந்தால். மாப்பிள்ளை வீட்டார் தன்தாவிலிருந்து வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹாஜ்ஜா தவ்லத்தை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது பெண்ணைப் பெற்றவரின் பொறுப்பு. ரிஃபாத்தின் மனைவி இன்ஸாஃப் பால்கனியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள்:

"இந்தாங்க, நல்லா கேட்டுக்குங்க! அந்தம்மா உள்ள உக்காந்திருக்கும்போது உங்க சனியன் உதறிச்சுன்னா, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அது பழைய இரும்புக்குப் போயிடும். நீங்களும் கூடவே போகலாம்!"

காப்பிக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. ரிஃபாத் போய் வண்டியின் பானெட்டை ஒருமுறை தடவிவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை இன்ஸாஃப் கீழே இறங்கி வந்தாள். வாசல் நிலையில் கட்ட அந்த நீல மணி வேண்டுமாம். பெண்ணுக்குக் காப்பு முக்கியமா, இரும்புக்கு முக்கியமா என்று கேட்டாள். ரிஃபாத் பானெட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். நான் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கம்பியைப் பிரித்து இழுத்ததுமே நெம்புகோல் 'டக்' என்று பின்னால் போய் உட்கார்ந்தது. இத்தனை காலமும் கம்பி அதைப் பெட்ரோல் வழியை முழுவதும் மூட விடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறது.

ரிஃபாத் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் தணிந்த குரலில் முனகியது. சாவியை எடுத்தார். சட்டென்று நின்றது. நான் மகிழ்ச்சி தாங்காமல் விஷயத்தை விளக்கினேன்.

"மணி கெடுதல் பண்ணிச்சுங்கிறியா?" என்றார். "தம்பி, நீ நிறையப் படிக்கிறே, அதான். வண்டிக்குத் தெரியும்பா, வீட்ல நல்ல காரியம்னு. அடக்கமா இருக்கு."

"மணி மேல பழி போடாதே தம்பி, பாவம்," என்று இன்ஸாஃபும் சேர்ந்துகொண்டாள். அந்த வாரம் கணவனும் மனைவியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வியாழக்கிழமை மாலை வண்டி தெருவுக்குள் வந்தது. டாமினோ நின்றது, நாற்காலிகள் திரும்பின. ரிஃபாத் சாவியை எடுத்தார். நிசப்தம். ஸக்கி ஏமாந்துபோய் ஹூக்காவை உறிஞ்சினான். ஹாஜி ஷஹாத்தா உள்ளே போய்விட்டார். ஒருவர்கூட எழுந்து வரவில்லை. ரிஃபாத் பழக்கம் மாறாமல் டாஷ்போர்டில் கைவைத்து, "போதும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

பின்சீட்டிலிருந்து மெல்ல இறங்கிய ஹாஜ்ஜா தவ்லத், வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்ல புதுசா ரெண்டு நிக்குது. ஒண்ணுகூட இப்படிப் பொட்டுனு அடங்காது. என்னா வண்டிங்க!" என்றாள். நாங்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ்வுக்காகக் காத்திருந்தோம். அவள் படியேறிப் போய்விட்டாள்.

ஃபாத்திஹா ஓதியாயிற்று, சர்பத் குடித்தாயிற்று, குலவைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஹாஜ்ஜாவை ரயிலுக்குக் கொண்டுவிட வேண்டிய நேரம். ரிஃபாத்தை வாசலில் மடக்கிய இன்ஸாஃப், நிலையிலிருந்து மணியைக் கம்பியோடு அவிழ்த்து அவர் கையில் திணித்தாள்.

"பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. கண்ணு பூரா வண்டி மேலதான். போங்க, சீக்கிரம்!"

நான் அவசரமாகக் கூடவே இறங்கினேன். "மாமா, வேற எங்கயாவது கட்டுங்க. கண்ணாடியில கட்டுங்க!" என்று கெஞ்சினேன்.

"அடி படுறது இன்ஜினுக்கு. காப்பு கண்ணாடிக்கா?" என்றார் அவர்.

பானெட்டைத் திறந்தார். மணியைக் கைக்குட்டையால் துடைத்தார். அதே நெம்புகோல், அதே இடம். கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு, ஹாஜ்ஜா படியிறங்கி வருவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, இன்னும் ஒரு முறுக்குச் சேர்த்தார்.