பாஸ் கிட்டார் எனக்குத்தான்

நெய்யாற்றின்கரையில் அந்த இசைக்கருவிக் கடைக்காரர் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். கேள்வி கேட்டது நான். பதில் போனது அவருக்கு.

அக்கூஸ்டிக் பாஸ் கிட்டார் உண்டா என்று மலையாளத்தில் கேட்டேன். கடைக்காரர் என் தலைக்கு மேலாகப் பார்த்து, "சாரே, சேச்சிக்குப் படிக்கானாணெங்கில் சாதா கிட்டார் மதி" என்றார். நான் கற்றுக்கொள்ள சாதாரண கிட்டாரே போதுமாம். பாட்டுக்கு அடித்தொனி தரும் இந்த பாஸைக் கல்லூரியில் படிக்கும்போதே வாசிக்க ஆரம்பித்தவள் நான். எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில் பல வருடங்களாக வாசிக்கிறேன். பாறசாலையில் பேக்கரி நடத்தும் என் கணவரிடம், கிட்டாரில் எத்தனை கம்பி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்.

சபைக்குச் சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் பாஸ் உண்டு. அதை ஆலயத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், ஆம்ப்ளிபயர் இல்லாமல் அது கொசு மாதிரிதான் முனகும். அக்கூஸ்டிக் பாஸின் உடல் உள்ளே வெறும் கூடு; கம்பியின் சத்தத்தை அதுவே பெரிதாக்கும். அறையில் உட்கார்ந்து பழக அந்தச் சத்தம் போதும். மேடையில் கேபிள் செருகி ஸ்பீக்கரோடு இணைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் மேடைக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும் என்பதால், தவறானதை வாங்கிவிடக் கூடாது என்ற பயம் இருந்தது.

சுவரில் தொங்கிய ஒன்றை நானே எடுத்து மடியில் வைத்தேன். கம்பிகள் கிட்டாரின் கழுத்தை விட்டு எவ்வளவோ உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் நுனி எரிந்தது. தடித்த கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த சில கட்டைகளில் பட்டுக் கிர்ரென்று அதிர்ந்தது. அதைச் சொன்னேன்.

"வாசிச்சு வாசிச்சு சரியாகும் சாரே" என்றார் கடைக்காரர், மறுபடியும் என் கணவரிடம்.

"கேபிள் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"கேபிள் எதுக்கு? இது சும்மா வாசிச்சாலே ஹால் முழுக்கக் கேக்கும்."

பச்சைப் பொய். ஒரு ஹார்மோனியமும் பத்துக் குரலும் சேர்ந்தால், கேபிள் இல்லாத அக்கூஸ்டிக் பாஸ் இருக்கிற இடம் தெரியாது. அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "எடுத்துட்டுப் போவாம். மழை வருது."

கிட்டாரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "அவளுக்காக்கும் வாங்குது, அவகிட்ட பேசுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதுன்னு அவனுகிட்ட சொல்லியிருக்கலாமே."

அமரவிளை தாண்டினோம். பிறகு, "நான் செய்தது சரியில்ல" என்றார். என் கோபம் அதில் அடங்கவில்லை. இருந்தாலும், பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பழைய பாஸ் கிடைக்குமா என்று அவர்தான் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அப்படித்தான் காஞ்சிரங்குளத்தில் ஒருவரைப் பற்றித் தெரிந்தது. பூவாறு பக்கத்து ஓட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்தவர், வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதால் விற்கிறார். அவர் கிட்டாரை நேராக என் கையில் தந்தார்.

"வாசிச்சுப் பாருங்க. நான் சாயா எடுத்துட்டு வாறேன்."

அடிப்பக்கம் ஒரு விரிசல் ஒட்டப்பட்டிருந்தது. அதை அவரே காட்டினார். "ரெண்டு கிட்டாருக்கு இடையில இது சும்மா கேக்காது. கேபிள் போடணும், உள்ள இருக்கிற பேட்டரிய அப்பப்ப மாத்தணும். அது தெரியுமில்லியா?"

"தெரியும்."

கழுத்து நேராக இருந்தது. கம்பி விரலுக்கு இணங்கியது. எந்தக் கட்டையிலும் கிர்ரென்ற சத்தம் இல்லை. தடித்த கம்பியை மீட்டியபோது அதன் அதிர்வு என் விலா எலும்பில் ஏறியது. என் கைக்கு எட்டும் விலையும்தான். வாங்கிவிட்டேன்.

அடுத்த பயிற்சிக்குக் கொண்டுபோனேன். பாடகர் குழுத் தலைவர் உறையைத் திறக்கச் சொல்லி, தடவிப் பார்த்தார். பல சபைகளின் குழுக்கள் சேர்ந்து பாடும் விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல சாதனமாக்கும் மக்கா. விழாவுக்கு மட்டும் இதை நம்ம சபை செயலாளருக்க மருமகனுக்குக் குடு. அவன் வாசிக்கட்டு."

எனக்குப் புரியவில்லை. "அப்ப நான்?"

"நீ பொம்பிளையளுக்க கூட நின்னு ஆல்டோ பாடு. மேடையில பொம்பிளை பாஸ் பிடிச்சிட்டு நின்னா எல்லாரும் அதைத்தான் பாப்பாவ."

"பாக்கட்டு."

"சபைக்காக்கும் கேக்குது."

"இது எனக்கதாக்கும். தரமாட்டேன்."

இத்தனை வருடமும் மூலையில், தூணுக்குப் பின்னால் வாசிக்கையில் யாருக்கும் நான் பெண்ணாகத் தெரியவில்லை. நல்ல கிட்டாரும் பெரிய மேடையும் வந்தவுடன் தெரிந்துவிட்டது. மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் தாழ்மையைப் பற்றி ஒரு வேத வசனம் போட்டார்கள். என் பெயர் இல்லை. யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எனக்காக ஒரு வரி எழுதவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

விழா அன்று யாரிடமும் கேட்காமல் கிட்டாரோடு மேடையேறினேன். செயலாளரின் மருமகன் சபையின் எலக்ட்ரிக் பாஸைத் தோளில் மாட்டி நின்றிருந்தார். மைக் செட்காரர் ஒரே ஒரு கேபிளோடு வந்து, "ஆராக்கும் பாஸ்?" என்றார்.

"நான்" என்றேன்.

அந்த மருமகன் என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அக்காதான். எனக்கு ரெண்டாவது பாட்டு ஒழுங்கா வராது." இறங்கிப் போய்விட்டார். கூட்டத்துக்கு முன்னால் வேறு வழியின்றி, தலைவர் பாட்டைத் தொடங்கச் சொல்லிக் கை காட்டினார்.

முதல் பாட்டில் கோபத்தில் ஒரு இடத்தைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு தவறவில்லை. முடிவில் தலைவர் மைக்கில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். கீபோர்டுக்கு, டிரம்ஸுக்கு, சாப்பாடு செய்தவர்களுக்கு. பாஸை விட்டுவிட்டார்.

சாயா குடிக்கும் இடத்தில், திருப்புறம் குழுவில் பாடிய ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். "இந்தச் சத்தம் வயித்துக்குள்ள கேக்குது அக்கா. நான் ஒருக்கா தொடட்டா?" பெஞ்சில் உட்காரவைத்து அவள் மடியில் கிட்டாரை வைத்தேன். அவள் கட்டைவிரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் எங்களைக் கடந்து போகையில், ஒன்றுமே நடக்காததுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.