லூர்துமேரியின் பெயரில்

இசைவாணி திண்டிவனத்துக்காரி. ஆபீஸ்களின் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பத்திரமாக இருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்வது அவள் தொழில். பூட்டிய கதவையும் இழுத்துப் பார்த்தால்தான் நம்புவாள். சிரித்துப் பேசுகிற மனிதர்களிடமும் அப்படித்தான்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை அவளைக் கூப்பிட்டது. அங்கே ஸ்கேன் எடுத்தவர்களுக்கு எவனோ ஒரு மருந்து வியாபாரி போன் செய்து, அவர்களுடைய நோயைச் சொல்லியே பேசுகிறானாம். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் அமலா கலங்கிப்போயிருந்தார். மேனேஜர் திருமுருகன் இசைவாணியைத் தனியே அழைத்தார்.

"நெட்வொர்க் பாத்துக்கறவன் நடராசன். அவன் மேல ஒரு கண்ணு வச்சிக்கினு இருங்க."

சர்வரைத் திறந்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. எப்போதோ வேலையை விட்டுப்போன நர்ஸ் லூர்துமேரியின் பெயரில் யாரோ இன்னும் ஸ்கேன் விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் இதே கட்டடத்துக்குள்ளிருந்து. அவளுடைய அந்த லாகின் கணக்கை மூடியிருக்க வேண்டியவன் நடராசன். அவனோ டீ கொடுக்கிற சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"எதுக்கு எட்டி எட்டிப் பாக்கறீங்க?"

"நான் போட்ட நெட்வொர்க்குங்க. எதனா தப்பு இருந்தா எனக்குத்தான் பேஜாரு."

"வெளியே இருங்க. கூப்பிட்டா வாங்க."

டீயை அவள் தொடவில்லை. லூர்துமேரியின் பெயர் மறுபடி திரையில் வரும்வரை காத்திருந்தாள். வந்தது. எந்த கேபிள் வழியாக வருகிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் பிடுங்கினாள். நடராசன் வாசலிலேயே நின்றிருந்தான். மேனேஜர் அறைக் கதவு திறந்து திருமுருகன் தலையை நீட்டினார்.

"இன்னாங்க, நெட்டு போச்சு?"

வேறு யாருக்கும் போகவில்லை. இசைவாணி டாக்டரை அழைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். திருமுருகனின் கம்ப்யூட்டரில் லூர்துமேரியின் பெயர் அப்படியே இருந்தது. அன்றே டாக்டர் அவரை வேலையிலிருந்து நீக்கி, போலீசுக்கும் சொன்னார்.

கிளம்பும்போது நடராசன் சொன்னான்: "அந்தம்மா போனப்பவே மூடறேன்னு சொன்னேங்க. மேனேஜருதான் இருக்கட்டும்னாரு."

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வெளிய நில்லுன்னுதான சொன்னீங்க."

திண்டிவனம் போகிற பஸ்ஸில் அந்தப் பேச்சு அவளை உறுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த வருடமும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நடராசனிடம் நலம் விசாரித்தாள், அவன் கொடுத்த டீயைக் குடித்தாள். பிறகு அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்தே சோதனையைத் தொடங்கினாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான்.