ராக்கம்மா குழியில் எரிந்த மெழுகுதிரி

சந்திரகாந்தா எனக்கு மாமன் மகள். என் அம்மாவும் அவளுடைய அப்பா மாடசாமியும் கூடப் பிறந்தவர்கள். மாத்தளைப் பக்கம் பலாபத்வல சந்தியில் இறங்கி மேலே ஏறினால் வருகிற றப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், அவர்களுக்கு ஏழாம் காம்பிரா, எங்களுக்கு ஒன்பது. நடுவில் எட்டாம் காம்பிராவில் இருந்தவள் ராக்கம்மா. அவளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நடந்ததெல்லாம் அவள் தலைமாட்டில்தான்.

மாடசாமி மாமா கும்பிட்டது முனியாண்டியை. அவர் கட்டிக்கொண்டு வந்த லூர்தம்மா அத்தை வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவர். அதனால் அந்த வீட்டில் ஒரு சண்டையும் வந்ததில்லை. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் சந்திரகாந்தா, மூன்று வயது இளையவள் புஷ்பவதி. மாமா மரம் முறிந்து விழுந்து செத்தபோது மூத்தவளுக்குப் பதின்மூன்று. அன்றைக்கு றப்பர்ப் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவள் அறுபது வயதில்தான் கீழே வைத்தாள். அவள் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டித் திரிந்ததால்தான் தங்கச்சி மாத்தளைக்குப் போய்க் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தாள். படித்தவள் திரும்பி வருவாள், டீச்சராவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மடத்திலேயே சேர்ந்துவிட்டாள். பத்து வருசம் கழித்து ஆப்பிரிக்காவில் ஸாம்பியா என்ற நாட்டுக்கு ஏழைகளுக்குச் சேவை செய்ய அனுப்பினார்கள். போகிற அன்று வெள்ளை உடுப்போடு லயத்துக்கு வந்தாள். அத்தை அழவில்லை. "போயிட்டு வா தாயி" என்றார். சந்திரகாந்தாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கோபம் வந்தது அத்தை படுக்கையில் விழுந்தபோது. ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. ஆனால் பேச்சு இருந்தது. ஒன்பது நாள் கிடந்தார். கதவு காற்றுக்கு அசைந்தாலும், "புஷ்பம் வந்துட்டாளா?" என்று கேட்பார். நாய் உள்ளே வந்தாலும் அதே கேள்வி. என் வீட்டுக்காரர் பலாபத்வல தபால்கந்தோரில் தந்தி அடித்தார். வர முடியாது, ஜெபிக்கிறேன் என்று பதில் வந்தது. பத்தாம் நாள் விடியக் கண்ணை மூடிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சந்திரகாந்தாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி வாசிப்பேன். "இங்கே வாந்திபேதி. நாற்பது பேர் பாயில் கிடக்கிறார்கள். சிஸ்டர்மார் நாங்கள் இரண்டு பேர்தான். மதர் போகச் சொன்னார். நான்தான் போகவில்லை என்றேன், அக்கா." அந்தக் கடைசி வரியை வாசிக்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

"திருப்பி வாசிங்க மதினி" என்றாள். வாசித்தேன்.

"மதர் போகச் சொல்லியும் போகல."

"நாப்பது பேரு கெடந்தாகளாம் சந்திரா."

"நாப்பது பேரையும் அம்மா பாலு வெட்டியா வளத்துச்சு?"

அந்தக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. சீனி டின்னுக்குள் மடித்து வைத்தாள். முப்பது வருசம் வைத்திருந்தாள். கல்யாணம் கட்டி, மகள் தினுஷாவைப் பெற்றது இதற்கெல்லாம் முந்தி; இதற்குள் புருஷனையும் புதைத்துவிட்டாள். தங்கச்சி எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் போடச் சொல்லவில்லை.

கொரோனா அடங்கிய பிறகு, வயதாகிவிட்டது என்று புஷ்பவதியை மாத்தளை மடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோயிலில் வரவேற்பு வைத்தார்கள். ஃபாதர் பேசினார்: சிஸ்டர் நாற்பது வருசம் ஏழைகளோடு ஏழையாக இருந்தார், கால்நடையாகக் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசவம் பார்த்தார், யாருமில்லாத முந்நூறு பேரைத் தன் கையாலே குளிப்பாட்டி அடக்கம் பண்ணினார் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த சந்திரகாந்தா எழும்பி, "முன்னூத்தி ஒண்ணாவது ஆளு இங்க கெடந்துச்சு சாமி, அதுக்குத்தான் நேரமில்லாம போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலே வந்தேன். எனக்கு வெட்கம். அவளுக்கு இல்லை.

அந்த நவம்பர் இரண்டாம் திகதி, கல்லறைத் திருநாள் அன்று, புஷ்பவதி லயத்துக்கு வந்தாள். என் பேரன் கஜீபன்தான் தன் திறீவீல் ஆட்டோவில் ஏற்றி வந்தான். மெலிந்து, கறுத்து, பல்லெல்லாம் போய், எங்களை விடக் கிழவியாக இருந்தாள். கையில் ஸக்கரியா நானா கடையில் வாங்கின மெழுகுதிரிப் பெட்டி.

"அம்மாவ எங்கக்கா வெச்சீங்க?"

எங்கள் தோட்டத்துப் புதைகாட்டில் பெயரெல்லாம் எழுதி வைப்பதில்லை. மண்மேடு, தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். புதைத்தவர்களுக்குத்தான் இடம் தெரியும். அத்தையைப் புதைத்த ஆட்களில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர். சந்திரகாந்தா முன்னால் நடந்தாள். அத்தை கிடப்பது மேலே கொக்கோ மரத்தடியில். அவள் அவ்வளவு தூரம் ஏறவில்லை. நாற்பது அடி முன்னாலேயே நின்று கையைக் காட்டினாள்.

"இதுதான்."

அது ராக்கம்மா குழி.

ராக்கம்மா செய்தது ஒன்றா இரண்டா? தண்ணி பிடிக்கிற பீலியில் அத்தை வைத்த குடத்தைக் காலால் தள்ளிவிடுவாள். அத்தை மரத்தில் காய்ந்து ஒட்டின ஒட்டுப்பால் திருடிக் குடத்துக்குள் ஒளித்துக்கொண்டு போகிறாள் என்று கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்லி, ஒரு மாத வேலையை நிற்பாட்டினாள். அந்த மாதம் பிள்ளைகள் இரண்டும் மரவள்ளிக் கிழங்கு தின்று கிடந்தன. சாகும்வரை அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராக்கம்மா முந்திச் செத்தாள். அவள் ஆட்கள் எல்லாரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குழியில்தான் புஷ்பவதி முட்டி போட்டு, மண்ணில் முகத்தை வைத்து, "அம்மா, அம்மா" என்று அழுதாள்.

அவள் போன பிறகு கேட்டேன். "என்னடி பண்ணிட்ட?"

"அம்மா ஒம்பது நாளு கூப்பிட்டுச்சு. நாளுக்கு ஒரு வருசம். ஒம்பது வருசம் ராக்கம்மாவுக்கு முட்டி போடட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்."

"அவளுக்கு எழுபது ஆகப்போகுது."

"எனக்கு எழுபத்திரெண்டு. நான் இருப்பேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று பின்னேரமே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராக்கம்மா தலைமாட்டில் ஆறு திரி வரிசையாக எரிகிறது. மேலே அத்தை இருட்டில் கிடக்கிறார். "அந்த மூதேவிக்கு எங்கம்மாவோட வெளிச்சமா?" என்று சொல்லி, ஓடிப்போய், எரிகிற திரிகளைப் பிடுங்கி, கையால் காற்றை மறைத்துக்கொண்டு மேலே கொண்டுபோய் நட்டாள். உருகின மெழுகு விரலில் வழிந்து கொப்புளம் போட்டது. அடுத்த வருசமும் அப்படியே. தங்கச்சி கீழே வைப்பாள், திறீவீல் சத்தம் அடங்கியதும் அக்கா மேலே மாற்றுவாள்.

மூன்றாம் வருசம் புஷ்பவதி ஒரு மரச் சிலுவையும் கொண்டுவந்தாள். அதில் வெள்ளைப் பெயின்டில் "லூர்தம்மா" என்று எழுதியிருந்தது. ராக்கம்மா தலைமாட்டில் அதைக் கல் வைத்து இறுக்கி நட்டுவிட்டுப் போனாள். சந்திரகாந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். சத்தம் அடங்கியதுதான் தாமதம், சிலுவையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தோளில் போட்டாள். மற்றக் கையில் எரிகிற திரி. அப்படியே மேட்டில் பாதி தூரம் ஏறினபோது, பின்னால் குரல் கேட்டது.

"அக்கா, என் குடை..."

குடையை மறந்துபோய்த் திரும்பி வந்தவள் அங்கே நின்றாள். கஜீபனும் நின்றான். சந்திரகாந்தா தோளில் சிலுவையோடு திரும்பினாள். மறைக்க ஒன்றும் இல்லை.

"எங்கக்கா கொண்டு போற?"

"அம்மாகிட்ட."

"அப்ப இது யாரு?"

"ராக்கம்மா. குடத்த ஒதைச்சாளே, அவ. மூணு வருசமா அவளுக்குத்தான் அழுத. நல்லா அழுத."

புஷ்பவதி அந்த மேட்டைப் பார்த்தாள். பிறகு மேலே கொக்கோ மரத்தைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். சந்திரகாந்தா சிலுவையை வழிக்குக் குறுக்கே பிடித்தாள்.

"வராத. இன்னும் ஆறு வருசம் இருக்கு. ஒம்பது நாளு கூப்பிட்டுச்சு, ஒம்பது வருசம்."

அழுவாள், காலில் விழுவாள், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போவாள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"அம்மா கடைசியா என்ன சொல்லுச்சுக்கா? எம்மேல கோவமாத்தான் போச்சா?"

"அதயும் ஒம்பதாவது வருசம் சொல்றேன்."

"சரிக்கா." திரும்பிப் போய் ராக்கம்மா குழியில் விழுந்துகிடந்த சருகைக் கூட்டித் தள்ளினாள். "இவங்களுக்கும் யாரும் இல்லதானே. நான் இங்கயே நிக்கிறேன்."

அன்று இரவு முழுக்கச் சந்திரகாந்தா சாமான்களைத் தட்டி உடைக்காத குறைதான். "பாத்தீங்களா மதினி? தண்டனை குடுத்தா அதயும் சேவையாக்கிட்டா! அங்க முன்னூறு, இங்க ராக்கம்மா!"

அதன் பிறகு அவளுக்கு வேறு பயம் பிடித்தது. புஷ்பவதிக்குச் சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் என்று இரண்டு வியாதி. ஒன்பது வருசம் முடிய முந்திச் செத்துவிட்டால்? மாதம் இரண்டு தரம் கஜீபனிடம் பாகற்காயும் வல்லாரையும் கட்டிக் கொடுத்து மடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தாள். கூடவே சொல்லியும் அனுப்புவாள்: "செத்துப் போய்த் தப்பிக்கலாமுன்னு பாக்காதன்னு சொல்லு." அவன் போய் அப்படியே சொல்வான். "திங்கிறேன்னு சொல்லுப்பா" என்று பதில் வரும். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்றும் விசாரிப்பாள். தினுஷா கேட்டாள், "பெரிய மனசு பண்ணிட்டியாம்மா?" என்று. அகப்பையால் அடி வாங்கினாள், ஐம்பது வயதில்.

ஒன்றை இங்கே நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை கூப்பிட்டது எட்டு நாள்தான். ஒன்பதாம் நாள் கேட்கவில்லை. நானும் சந்திரகாந்தாவும் பக்கத்தில் இருந்தோம். கஞ்சியைப் பருக்கி வாயைத் துடைத்தபோது அத்தை தெளிவாகச் சொன்னார்: "புஷ்பத்த கூப்பிடாதீங்க. அங்க யாரோ பெத்தவ கெடப்பா. பாக்கட்டும்." அதுதான் கடைசிப் பேச்சு.

போன வருசம் அதைச் சொல்லிக் காட்டினேன். "அத்தையே விட்டுட்டாகளே சந்திரா. எட்டுதானே கணக்கு?"

"அம்மா விட்டுச்சு. நான் விட்டேனா?" என்றாள். பிறகு, "அவகிட்ட வாயத் தொறந்தீங்க, நீங்க செத்தா நான் வந்து மண்ணு போட மாட்டேன்" என்றாள். போட மாட்டாள். எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

போன நவம்பரில் புஷ்பவதியால் மேடு ஏற முடியவில்லை. கால் வீங்கி, மூச்சு இளைத்தது. திரும்பிப் போய்விடலாம் என்றான் கஜீபன். சந்திரகாந்தா விடவில்லை. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்கார வைத்து, கஜீபனையும் இன்னொரு ஆளையும் தூக்கச் சொன்னாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் நேரே மேலே கொக்கோ மரத்தடிக்குப் போகப் பார்த்தார்கள்.

"அங்க இல்லடா. இங்க."

ராக்கம்மா குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அங்கே உட்கார்ந்தால் மேலே சிலுவை தெரியும், "லூர்தம்மா" என்ற எழுத்தும் தெரியும். சந்திரகாந்தா அதைப் பார்த்தாள். வந்து, தங்கச்சியோடு சேர்த்துக் கதிரையை இழுத்து, முதுகு மேலே பார்க்கத் திருப்பி வைத்தாள். கஜீபன் பாவப்பட்டு மறுபடி திருப்பினான். அவள் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள்.

"விடுப்பா" என்றாள் புஷ்பவதி. ஆறு திரியை எடுத்தாள். மூன்றை ராக்கம்மாவுக்குக் கொளுத்தினாள். மூன்றைக் கொளுத்தாமல் அக்காவிடம் நீட்டினாள்.

சந்திரகாந்தா அதை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள். கொளுத்தி வைத்தாள். இறங்கி வந்து, தங்கச்சியின் வீங்கின காலைக் குனிந்து பார்த்தாள், விரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்தது.

"உப்பு திங்கிறியா?"

"கொஞ்சம்."

"திங்காத. இன்னும் அஞ்சு வருசம் இருக்கு."