மாமனார் காருக்குப் பூட்டிய புளோயர்

கல்யாணமான கையோடு தூத்துக்குடியில் மாமனார் வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். அவருக்கு ஒரே மகள். உப்பு வியாபாரம், பெரிய வீடு, வாசலில் ஒரு பழைய பெட்ரோல் கார்.

"டிரைவர் எதுக்கு மாப்ள? நீங்கதான் இருக்கீயள்லா" என்று முதல் வாரமே சாவியைக் கையில் கொடுத்தார்.

புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. என் வயதுக்காரர்கள் எல்லாம் ஏதாவது ஒரு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் மாமாவை உப்பளத்தில் விடுவேன், மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டி வருவேன், சாயங்காலம் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் காத்துக்கிடப்பேன். மரியாதைக்குக் குறைவில்லை. மீனில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான். ஆனால் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் ஒரு நாளும் வாசலைத் தாண்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு திருச்செந்தூர் போவோம். நாலு பேர் ஏறினாலே கார் மூச்சு வாங்கும். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும்போது மாமா முகத்தை உப்பளத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன், கடற்கரைத் தெருக்காரன், கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு வந்து பட்டறை போட்டிருந்தான். பழைய இரும்புக் கடையில், உடைத்த படகிலிருந்து கழற்றிய சின்ன புளோயர் ஒன்றை அவன்தான் காட்டினான். எடைக்கு வாங்கினோம்.

"லே, எஞ்சின் தானா இழுக்குத காத்து கொஞ்சந்தான். இது காத்த அமுக்கி உள்ள தள்ளும். கூடவே பெட்ரோலும் கூடுதலாப் போவும். உன் கிழட்டுக் கார் பறக்கும்" என்றான்.

மாமா சரக்கு விஷயமாக வெளியூர் போயிருந்தபோது பூட்டினோம். புளோயரைத் தாங்க இரும்புப் பட்டை, எஞ்சினிலிருந்து அதைச் சுற்ற ஒரு பெல்ட், வளைத்துப் பற்றவைத்த குழாய். முடித்ததும் நண்பன் எச்சரித்தான்: "ரொம்ப நேரம் அழுத்தாத. உள்ள டக்குடக்குன்னு தட்டிச்சுன்னா கால எடுத்துரு."

அன்று சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் போனேன். ஆக்சிலேட்டரில் காலை வைத்ததும் கார் ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்தது. உப்புக் குவியல்கள் வெள்ளையாகப் பின்னால் ஓடின. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்ததில்லை.

"இப்படியே எங்கயாவது போயிருவமா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சநேரம் வெளியே பார்த்தாள். "அப்பா ராத்திரி ரயிலுக்கு வாராவ. ஸ்டேஷனுக்குப் போவணும்லா" என்றாள்.

காரைத் திருப்பினேன்.

கேட்காமல் புளோயர் பூட்டியதற்கு மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ குழந்தைபோல் ஆகிவிட்டார். முன் சீட்டுக்கு மாறிக்கொண்டார். "அழுத்துங்க மாப்ள, அந்த பஸ்ஸ விடாதீய" என்பார். உப்பளத்தோடு நின்றுகொண்டிருந்தவர், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று தினமும் ஒரு ஊருக்குக் கிளம்பினார். எனக்கு இருந்த மத்தியானத் தூக்கமும் போயிற்று.

ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது முன்னால் ஒரு லாரி. "முந்துங்க" என்றார். அழுத்தினேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. காலை எடுக்கத் தோன்றவில்லை. பெரிய சத்தத்தோடு நீலப் புகை கிளம்பிக் கார் நின்றுவிட்டது. பிஸ்டனில் ஓட்டை.

மழை கொட்டியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"மாமா, எனக்கு இந்த டிரைவர் வேல வேண்டாம்."

அவர் வேட்டி நுனியால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். "முன்னமே சொல்லப்புடாதா மாப்ள? நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். என் மனசு லேசாகிவிட்டது. துறைமுக வேலைக்கு யாரைப் பார்ப்பது என்றுகூட அங்கேயே யோசித்துவிட்டேன். மழை விட்டதும் உப்பு லாரி ஒன்று கயிறு கட்டி எங்களை வீடுவரை இழுத்து வந்தது.

மறுநாள் காலை, பட்டறைக்குப் போன கார் திரும்புவதற்குள்ளேயே, டிரைவர் வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கிட்டங்கி ஆபீசில், மாமாவின் மேசையை ஒட்டி எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"இனி எந்நேரமும் என் பக்கத்துலயே இருக்கலாம்" என்றார் மாமா, உண்மையான பிரியத்தோடு. நான் உட்கார்ந்தேன்.