அரைக் கணம் தாமதித்த குட்டி

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்குக் கனாக்காரி என்று பெயர். நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். திரும்பும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். "எந்த லோகத்துல இருக்கீங்கக்கா?" என்று துணி வெட்டுகிறவள் கேலி செய்வாள். கனாக்காரி மறுக்கவே இல்லை. கனவு காண்கிறவள் என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். காது போய்க்கொண்டிருக்கிறது என்றால் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பித்துவிடும். அந்தப் பாவம் அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

இரண்டு வருஷமாக உலகம் மெல்ல மெல்ல ஒரு திரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. முதலில் குருவிகள் போயின. அப்புறம் பேச்சின் ஓரங்கள் கரைந்தன; எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தையல் மிஷின் ஓடுவதே விரல் நுனியில்தான் தெரிந்தது. மதிய வெயில் நீலத் துணி வழியாக மேசையில் விழும்போது தண்ணீருக்கடியில் உட்கார்ந்து தைப்பது போலிருக்கும். உண்மையைச் சொன்னால் அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டில்தான் பயம். அழைப்பு மணி அடிக்கும், போன் அடிக்கும். கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது?

அதனால்தான் நாய். வாசலில் ஆள் வந்தால் அது தலையைத் தூக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டால் போதும். காரணத்தைச் சொல்லாமல், "ஒரு நாய் வளக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்மேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்.

"வாங்கறதுன்னா ஒழுங்கா வாங்கணும். தாயைப் பாக்கணும், தடுப்பூசி அட்டையைப் பாக்கணும், எட்டு வாரம் ஆகியிருக்கணும்" என்றார்.

ஞாயிறு மதியம், நாய் வளர்த்து விற்கும் அம்மாளின் வீட்டுப் பின்னறை. தாய் நாய் ஜன்னலோரம் பாதிக் கண் மூடிக் கிடந்தது. மரத்தரையில் ஆறு குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. கணவர் டார்ச்சை எடுத்தார். கண்ணில் பீளை இல்லை, ஈறு சிவப்பு, வயிறு உப்பவில்லை, மூச்சில் நாற்றம் இல்லை. பழைய லிஃப்டைப் பரிசோதிக்கும் அதே முகம். கடைசியில், அமளிக்கு நடுவே தன் வாலை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்த குண்டுக் குட்டியைக் காட்டினார்.

"இவன்தான். எவ்வளவு அமைதி, பாத்தியா!"

அம்மாள் ஒரு தட்டும் கரண்டியும் கொண்டுவந்தார். "இந்த ஜாதியில சிலதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. பாத்தே வாங்குங்க." தட்டினார். ஐந்து தலைகள் திரும்பின. குண்டுக் குட்டி பக்கத்திலிருந்த தம்பியைப் பார்த்தது. பிறகு, அரைக் கணம் தாமதமாக, தம்பி பார்த்த பக்கம் திரும்பியது.

கனாக்காரி அதையே பார்த்தாள். அந்தத் திரும்பல் அவளுடையது.

"இதுக்குக் காது கேக்கல" என்றாள்.

"திரும்பிச்சேம்மா" என்றார் அம்மாள்.

கணவர் சிரித்தார். "இவ எப்பவும் கனவுல இருக்கறவ. விடுங்க, இதையே எடுத்துக்கறோம்."

சும்மா இருந்துவிடலாம். இருந்தால், மணி அடிக்கும்போது இரண்டு செவிடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"கனவு இல்லைங்க. எனக்குத்தான் காது கேக்கறதில்ல. நானும் இப்படித்தான் பக்கத்துல பாத்துட்டுத் திரும்பறேன்."

குட்டியை மடியில் எடுத்து, முகம் தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டாள். அவளுக்கு எதிரில், குட்டியின் முதுகுப் பக்கம் நின்று அம்மாள் மறுபடி தட்டினார், ஓங்கித் தட்டினார். குட்டி அவள் கட்டைவிரலை நக்கிக்கொண்டே இருந்தது. அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இவன் எங்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அம்மாள் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். உடனே கனாக்காரியும் சிரித்த முகத்தோடு திரும்பினாள். கணவர் நின்றிருந்தார். அவளை எத்தனை தடவை கூப்பிட்டாரோ! அம்மாளின் பார்வையை வைத்து அவள் திரும்பிய விதத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

வேறொரு குட்டியை வாங்கினார்கள். காகிதம் சரசரத்தாலே காதைத் தூக்கும் ஒரு சின்னப் பெண் குட்டி. கனாக்காரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். பேசுகிறாரா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. வெயில் மட்டும் ஊமையாகக் கூட வந்தது.

தெரு முனையில் அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து வழியை மறித்தார். அவள் கண்ணுக்கு நேராக, நிதானமாகப் பேசினார்.

"கூப்பிட்டா நீ திரும்பறதே இல்ல. எம்மேல இருந்த ஆசை போயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். ரெண்டு வருஷமா..."

அதற்குமேல் அவர் உதடு நடுங்கியதில் அவளால் அதைப் படிக்க முடியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துத் தலையாட்டி வைப்பாள்.

"கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார்.