வேற்று ரத்தம்

மாமியார் வீட்டில் மூன்று வருஷம் எனக்குக் கருவாடு கிடையாது. நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வேலைக்கு வந்து, பனியன் கம்பெனி முதலாளியின் மகனையே காதலித்துக் கட்டிக்கொண்டவள். எனக்குக் குழந்தை உண்டாகாததற்கு மாமியார் கண்டுபிடித்த காரணம், என் ரத்தம்.

"வேத்து ரத்தமுங்க. நம்ம ஊட்டு ரத்தத்தோட எப்பிடிங்க சேரும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கருவாட்டை நிறுத்திவிட்டுக் கம்மஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் போட்டால் என் ரத்தம் மாறிவிடுமாம். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிப் பிழைக்கிற குடும்பம், வேறெப்படி யோசிக்கும்? அதுவும் சரிப்படாவிட்டால் என் கணவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க மடத்துக்குளத்தில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்சு அடிபட்டது.

கடைசியில் கோவையில் ஒரு டாக்டரிடம் போனோம். எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கணவருக்குச் சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஒரு பக்க விந்துக்குழாய் அடைபட்டிருக்கிறது. "வழியில்லாம தேங்கின விந்தணுவை அவர் உடம்பே அந்நியம்னு நினைச்சு எதிர்ப்பு உண்டாக்கிடுச்சுங்க. இன்னொரு பக்கத்துல இருந்து வர்றதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது" என்றார் டாக்டர். வேற்று ரத்தம் என்று என்னைத் தூற்றிய வீட்டுப் பிள்ளையின் லட்சணம் இது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நல்ல அணு ஒன்றை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தலாமாம். அதற்கும் ஊசியெல்லாம் எனக்குத்தான். "வீட்ல உண்மைய நீங்களே சொல்லுங்க, நான் ஊசி போட்டுக்கிடுதேன்" என்றேன். சொல்வதாகக் கணவர் சத்தியம் செய்தார். பல்லடம் தாண்டும்போது இன்னொரு முறையும் செய்தார்.

"என்ன கண்ணு சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டார் மாமியார்.

"ரெண்டு பேருக்குமே கொஞ்சம் கோளாறுன்னாங்கம்மா" என்றார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. இவுக உடம்புதான் இவுக விந்தையே எதிரின்னு நினைச்சு முடக்குது" என்று போட்டு உடைத்தேன்.

மாமியார் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நீ ஆக்கிப்போட்டதத் தின்னுதான் எம்பையன் ரத்தம் கெட்டுப்போச்சு" என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் ஊசிக்குக் குறித்த நாளில், கார் சாவியோடு வந்து நின்றார். வரமாட்டேன் என்றேன்.

"உனக்குக் கொழந்த வேண்டாமா?"

வேண்டும்தான். ஆசை ஆசையாகத்தான் இருந்தது.

"உங்கள மாதிரி ஒண்ணு பொறந்துட்டா என்ன செய்ய?" என்றேன்.